இர்மா தெச்சேராவின் கழுத்து

1997ஆம் ஆண்டு மார்ச் மூன்றாம் நாள், திங்கட்கிழமை, பிற்பகல் நான்கு மணிக்கு இர்மா தெச்சேராவை நான் முதன்முதலில் கண்டேன். பாசோ ஓண்டோவின் உயர்நிலைப் பள்ளிக்கு மொழியாசிரியையாக மாற்றலாகி வந்திருந்தேன். தெருப்பக்கத்து அறை வாடகைக்கு என்று அவர் வீட்டுச் சன்னலில் ஓர் அட்டை தொங்கியது. கதவை ஒரு சாண் அளவுக்குத் திறந்து, முதலில் என் காலணிகளையும், பிறகு என் பெட்டியையும், கடைசியாக என் முகத்தையும் பார்த்தார்.

"பெட்டியில என்ன?"

"துணி, புத்தகம்."

"இவ்வளவு கனமா?"

"புத்தகம்னா கனமாத்தான் இருக்கும்."

"படிச்சவங்க எல்லாத்துக்கும் ஒரு பதில் தயாரா வச்சிருப்பீங்க" என்றார். பெட்டியைத் திறந்து காட்டிய பிறகே அறை எனக்குக் கிடைத்தது.

வாடகையில் உணவு சேராது. சமையலறை அலமாரியில் எனக்கென்று ஒரு தட்டு. முற்றத்தை ஒட்டிய சாமான் அறையின் கதவை மட்டும் நான் தொடக்கூடாது. அந்த அறையின் சாவியை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துத் தம் கழுத்தில் அணிந்திருந்தார் இர்மா. குளிக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று அவருடைய கணவர் வால்டெமார் பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

இளம்வயதில் இர்மா ஒரு மளிகைக் கடையில் சர்க்கரை நிறுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தவர். தராசுத் தட்டின் அடியில் முதலாளி ஈயத்துண்டு ஒட்டியிருப்பதைக் கண்டுபிடித்தவர் அவரே. அதனால் வேலையை இழந்தவரும் அவரே. அன்றிலிருந்து உலகத்தில் எந்தத் தட்டைக் கண்டாலும் அதன் அடியைப் புரட்டிப் பார்ப்பது அவர் வழக்கமாயிற்று. ரொட்டிக்காரர் கொடுக்கும் ரொட்டியை அமுக்கிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்குக் கடனாகக் கொடுத்த ஒரு கோப்பைச் சர்க்கரையை, அதே கோப்பையில், அதே விளிம்பு வரை திரும்பப் பெறும்வரை உறங்கமாட்டார். ஊரார் அவரை வெறுக்கவில்லை. அவர் கண்ணில் படுமாறு எதையும் சுமந்துசெல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் ஜூனில்தான் குளிர்காலம் தொடங்கும். அந்தக் குளிரில் வசதியுள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாட்டையும் ஒரு பன்றியையும் அறுப்பார்கள். இரண்டின் இறைச்சியையும் சேர்த்து அரைத்து, குடலில் அடைத்துக் கட்டி, சாமான் அறையில் கம்பு கம்பாகத் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். இந்தச் சோரிசோ அடுத்த கோடைவரை வரும். அறுக்க வருபவர் சதுர்னினோ வியேரா. ஆண்டு முழுவதும் ஊர் மாடெல்லாம் அவர் கத்திக்குத்தான் கழுத்தை நீட்டும். அவர் பின்னால் எப்போதும் மூன்று நாய்கள் வரும். நிலைகொள்ளாத நாய்கள், படுத்தால் உடனே எழும், எழுந்தால் வட்டமிடும், விலா எலும்புகள் தோலுக்கு வெளியே தெரியும்.

அந்த ஆண்டு அறுப்பு நாளில் சதுர்னினோ ஏதோ ஒன்றைச் சாக்கில் போடுவதை இர்மா பார்த்துவிட்டார்.

"சதுர்னினோ, அது எங்க போகுது?"

"எது, தோன்யா இர்மா?" தோன்யா என்பது எங்கள் பக்கத்தில் மூத்த பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்.

"உங்க சாக்குக்குள்ள போச்சே, அது."

"தொண்டைக்கறி. அது நாய்க்குத்தான் போகும். எங்கப்பா காலத்திலிருந்தே அறுக்கிறவன் நாய்க்கு."

"தின்னுதா?"

"விட்டா என் கையையும் சேத்துத் தின்னும்."

இர்மா நாய்களை நோக்கி நடந்தார். அவற்றைச் சுற்றிவந்து பார்த்தார். ஒன்று அவரைச் சுற்றிவந்தது.

"வருஷம் பூரா ஊர் மாட்டுக் கழுத்தைத் தின்னுற நாய் இப்படியா இருக்கும்? துணி காயப்போடலாம் போல எலும்பு. இந்தக் கறி நாய் வாய்க்குப் போகல, சதுர்னினோ. உங்க வீட்டுச் சட்டிக்குப் போகுது."

"என் வயித்தையும் பாருங்க, அதுவும் நாய் வயிறு மாதிரிதான் இருக்கு" என்றார் சதுர்னினோ. குடல் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அப்ப வித்திருப்பீங்க. சாக்கைத் திறங்க."

சதுர்னினோ சாக்கைக் கவிழ்த்தார். மூச்சுக்குழலும், அதன் இருபுறமும் ஒட்டியிருந்த சிவந்த மெத்தென்ற தசைகளும் மரப்பலகைமேல் விழுந்தன. நாய்கள் முனகின. "இனி நாய்ங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க" என்று கூறி அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு போனார். இர்மா ஒரு துணுக்கையும் வீணாக்காமல் வழித்தெடுத்து அரவை இயந்திரத்தில் போட்டார். அந்த முகத்தில் இருந்த நிறைவு, தராசுத் தட்டைப் புரட்டிய அந்த நாளில் இருந்திருக்கக்கூடிய நிறைவுதான்.

ஆகஸ்டில் அவர் இளைத்தார். ஊரே கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது இர்மா சன்னலைத் திறந்து வைத்து வியர்த்துக்கொண்டிருந்தார். இதயம் படபடக்கிறது என்றார். படுத்தால் காதுக்குள் குதிரை ஓடுகிறது என்றார். தட்டை நீட்டினால் தட்டு நடுங்கியது. பசி மட்டும் குறையவில்லை; சாமான் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டு, சோரிசோவை வில்லை வில்லையாக நறுக்கித் தின்றுவிட்டு வருவார். யாருக்கும் ஒரு வில்லை கொடுக்கமாட்டார். வால்டெமாருக்கு வயிற்றுப்புண். வேகவைத்த பூசணியும் உப்பில்லாச் சோறும் மட்டுமே என்பது மருத்துவர் ஆணை. அந்த ஆணையை இர்மா காவல்துறையைப் போல நிறைவேற்றிவந்தார்.

மாதம் ஒருமுறை வியாழக்கிழமையன்று மாவட்ட நகரத்திலிருந்து டாக்டர் இராசோக்கி எங்கள் ஊர் மருந்தகத்துக்கு வருவார். நல்லவர், தலையிலிருந்து தொப்பியைக் கழற்றாமல் நோயாளியைப் பார்க்கும் ஒரு வழக்கம் மட்டும் உண்டு. அவர் இர்மாவின் விரல்களை விரிக்கச் சொல்லி, அவற்றின்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் காற்றில் அடிபட்ட இலைபோல் படபடத்தது. ரத்தம் எடுத்தனுப்பினார். முடிவு வந்ததும் எங்களை அமரவைத்துப் பேசினார். துணைக்குப் போனவள் நான்.

"உங்க கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பியில அழற்சி, தோன்யா இர்மா. இதுல பல ரகம் உண்டு. ஒண்ணு, காய்ச்சல் வந்துபோன பிறகு வரும். கழுத்தைத் தொட்டாலே வலி உயிர்போகும். உங்களுக்கு வலிக்குதா?"

"நீங்க அமுக்குறதுதான் வலிக்குது."

"அப்ப அது இல்ல. இன்னொண்ணு பிள்ளை பெத்தவங்களுக்கு, பெத்த சில மாசத்துல வரும்."

"அதுக்கு நீங்க முப்பது வருஷம் லேட்டு."

"மூணாவது, தபால் நிலையத்துல இருக்கிறாங்களே, அவங்களுக்கு வந்தது. உடம்பே தன் சுரப்பியை எதிரின்னு நினைச்சுச் சத்தமில்லாம வருஷக்கணக்கா அரிச்சுடும். கடைசியில சுரப்பி வேலை செய்யாது. ஆள் மந்தமாகி, குளிர் தாங்காம, ஆயுசு பூரா மாத்திரை. உங்களுக்கு நேர்மாறு. சீழ் பிடிக்கிற ரகமும் ஒண்ணு இருக்கு, அபூர்வம். உங்களுக்கு வந்திருக்கிறது ஊமை ரகம். வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. சுரப்பி கசிஞ்சு, சேத்து வச்ச சரக்கையெல்லாம் ரத்தத்துல கொட்டிடும். கொட்டி முடிஞ்சா தானா அடங்கும்."

"சொல்லாம வந்து சொல்லாம போற நோயா?"

"ஆமா."

"அப்படிப்பட்ட ஆளுங்களை எனக்குத் தெரியும்" என்றார் இர்மா.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. சாமான் அறையின் கம்புகள் வெறுமையான டிசம்பரில் நடுக்கம் நின்றது. இர்மாவின் கன்னம் திரண்டது. அடுத்த ஆண்டு ஜூனில் மீண்டும் அறுப்பு, மீண்டும் சதுர்னினோவின் வெறும் சாக்கு. ஜூலை முடிவில் ஊமை மறுபடி வந்தது.

இம்முறை இர்மா நோயை நம்பவில்லை. நோய்க்குப் பின்னால் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்தார். அடுத்த வீட்டில் வால்டெமாரின் தங்கை சுல்மா தனியாக வசித்தார். நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு இர்மா அங்கே சென்று மாத்தே என்னும் இலைத் தேநீர் குடிப்பது வழக்கம். ஒரே குடுவை, ஒரே குழல். சுல்மா வெந்நீர் ஊற்றி முதல் குடுவையைத் தாம் குடித்துவிட்டு, அடுத்ததை இர்மாவிடம் நீட்டுவார். இலையோடு வயிற்றுக்கு நல்லதென்று உலர்ந்த மார்செலாப் பூவையும் சேர்ப்பார். ஒரு மாலை நானும் உடனிருந்தேன். இர்மா குடுவையை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"சுல்மா, முதல் குடுவையை நீ குடிக்கிறே, சரி. முழுங்குறியா?"

"முழுங்காம வாயிலயே வச்சுக்கிட்டா இவ்வளவு நேரமா உங்களோட பேசுறேன், அண்ணி?"

"போன குளிர்காலத்துல உன் கையால குடிச்சேன், நோவு வந்துச்சு. கோடையில நீ உன் அக்கா வீட்டுக்கு ரிவேரா போயிட்டே, நான் தேறிட்டேன். நீ திரும்பி வந்தே, நோவும் திரும்பி வந்துடுச்சு. இதுக்கு என்ன சொல்றே?"

"கோடையில வாத்துங்களும்தான் ரிவேரா பக்கம் போகுது. அதுங்களையும் கேளுங்க."

"அந்தப் பூவுல என்ன கலக்கிறே?"

சுல்மா குடுவையை இர்மாவின் கையிலிருந்து வாங்கினார். நீரை அடுப்புச் சாம்பலில் கொட்டினார். அவர் குரல் உயரவில்லை.

"அண்ணி, இந்தச் சமையலறைக்கு இனி நீங்க வரணும்னா, நான் கொடுக்கிறதை முகராம வாங்கிக் குடிக்கிறதா இருந்தா வாங்க. அதுவரைக்கும் என் கண்ணுல படாதீங்க."

அன்றோடு இரு வீட்டுக்கும் இடையிலிருந்த சின்னக் கதவு அடைபட்டது. மாத்தே நின்றும் நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் ஒரு சந்தேகம் பொய்த்துவிட்டால் அதை விட்டுவிடுபவர் அல்லர் இர்மா. நஞ்சு இன்னும் உடம்பில் ஊறியிருக்கிறது என்றார்.

டாக்டருக்கோ வேறொரு சந்தேகம். ஊமை ரகம் இப்படி ஆண்டுதோறும் பருவம் தவறாமல் வருவது அவருக்குப் பிடிபடவில்லை. தைராய்டு மாத்திரையைக் களவாகச் சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் இதே எண்கள்தாம் தோன்றும். உடல் இளைக்க அப்படிச் செய்பவர்கள் உண்டு. மருந்தகத்தின் காத்திருப்புக் கூடத்தில், பத்துப் பேர் முன்னிலையில், அவர் கேட்டுவிட்டார்.

"தபால் நிலையத்து அம்மா உங்களுக்கு அவங்க மாத்திரையைக் கொடுத்தாங்களா?"

"அவங்க தபால்தலையைக்கூட ரெண்டு தடவை எண்ணித்தான் கொடுப்பாங்க."

"இளைக்கணும்னு சிலர் ஆசைப்படுறது உண்டு…"

"டாக்டர், எனக்கு அறுபது வயசு. நான் இளைச்சு யாருக்குக் காட்டப்போறேன்?"

பக்கத்தில் நின்ற வால்டெமார் தரையைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவரும் சில வாரங்களாகத் தமக்குள் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைக் கூடத்திலிருந்த அனைவரும் அப்போது அறிந்தார்கள். இர்மாவும் அறிந்தார்.

"நீங்க எதையோ சாப்பிடுறீங்க. எங்கிட்ட மறைக்கிறீங்க" என்றார் டாக்டர். "ரத்தம் அப்படித்தான் சொல்லுது."

"என் ரத்தத்தை நம்புறீங்க. என்னை நம்ப மாட்டீங்க."

"நீங்க சொல்றதுதான் உண்மை, நான் வீணா சந்தேகப்பட்டேன்னு என்னைக்காவது தெரிஞ்சா, உங்க வீட்டு வாசல்ல வந்து, தொப்பியைக் கழட்டிட்டு மன்னிப்புக் கேக்கிறேன். போதுமா?"

இர்மா கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "எல்லாரும் கேட்டீங்கல்ல? ஞாபகம் வச்சுக்குங்க. நான் பாக்கியை மறக்கிறவ இல்லை."

அடுத்த மாதம் மாவட்ட நகரத்தில் கழுத்தைப் படமெடுத்தார்கள். கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றாள் செவிலி. இர்மா நெடுநேரம் தயங்கினார். பிறகு கறுப்புக் கயிற்றைத் தலைவழியே கழற்றி, வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்த வால்டெமாரின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களைத் தாமே மடக்கினார். "கையைத் திறக்காதே" என்றார். படத்துக்காக உடலில் செலுத்திய மருந்தைச் சிறிதும் ஈர்க்காமல் சுரப்பி வெளிறித் தூங்கிக்கொண்டிருந்தது. ஊமை ரகத்துக்கும் அப்படித்தான் இருக்கும். களவாக மாத்திரை விழுங்குபவருக்கும் அப்படித்தான் இருக்கும். டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. டிசம்பர் வந்தது, இர்மா தேறினார்.

மூன்றாம் குளிர்காலம் எல்லாவற்றிலும் மோசமாக வந்தது. மாடிப்படி இல்லாத வீட்டில், முற்றத்தைக் கடக்கவே இர்மாவுக்கு மூச்சு வாங்கியது. வீட்டில் களவும் தொடங்கியது. சாமான் அறையின் பின்வரிசைக் கம்பில் சோரிசோ குறைந்திருப்பதை அவர் கண்டார். பூட்டு உடையவில்லை. சன்னல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அறைக்கு வந்து, "கையைக் காட்டுங்க டீச்சர்" என்றார். விரல்களை முகர்ந்து பார்த்தார்.

"சுண்ணாம்புக்கட்டி வாசனை" என்று ஒத்துக்கொண்டார். "ஆனா கையைக் கழுவியும் வந்திருக்கலாம்."

வால்டெமாரை அவர் முகரவில்லை. வயிற்றுப்புண்காரர் சோரிசோ தின்றால் வலியில் துடித்துத் தாமே காட்டிக்கொடுத்துவிடுவார் என்பது அவர் கணக்கு. வால்டெமாரும் அந்த ஆண்டு இளைத்திருந்தார். பூசணியின் பலன் என்று இர்மா பெருமைப்பட்டுக்கொண்டார்.

செப்டம்பரில் டாக்டர் இராசோக்கி முடிவைச் சொன்னார். மூன்று முறை வந்த நோய் நான்காம் முறையும் வரும். இந்த வயதில் இதயம் தாங்காது. சுரப்பியை அறுத்து எடுத்துவிட வேண்டும். அதன்பின் ஆயுள் முழுவதும் மாத்திரை. குரல் நரம்புக்குச் சிறிது ஆபத்து உண்டு. இர்மா மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன்.

"அறுத்துப் பார்த்தாலாவது நான் பொய் சொல்லலைன்னு தெரியுமா?"

டாக்டர் தம் குறிப்பேட்டைப் புரட்டினார். பொய் சொல்பவர் தம் கழுத்தை இவ்வளவு தூரம் நீட்டமாட்டார் என்ற எண்ணம் அவருக்கு வந்திருந்தது என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குள் கத்திக்கு நாள் குறித்தாயிற்று.

நாடித்துடிப்பு அடங்கட்டும் என்று ஒரு வாரம் முன்னதாகவே அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். சாமான் அறைச் சாவியை இர்மா தலையணை உறைக்குள் தைத்துக்கொண்டார். அறுவைக்கு முந்தைய நாள் மாலை, அவருடைய மாற்றுடையை எடுத்துக்கொண்டு வால்டெமாரும் நானும் பேருந்தில் போனோம். இர்மாவின் முகம் அந்த ஒரு வாரத்தில் கொஞ்சம் தெளிந்திருந்தது. இங்கே கொடுக்கும் சூப்பில் ஈ கூட விழாது, அவ்வளவு தண்ணீர் என்றார். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டார். அவர் கண்களில் முதன்முறையாகச் சந்தேகம் இல்லாத ஒன்றைக் கண்டேன்; அச்சம்.

டாக்டர் உள்ளே வந்தார். "கடைசியா ஒரு தடவை கேக்கிறேன், தோன்யா இர்மா. நாளைக்கு அறுத்துட்டா திருப்பி ஒட்ட முடியாது. எதாவது சாப்பிட்டீங்களா?"

"என் வீட்டுச் சாப்பாடு. என் கையால செஞ்சது. வேற ஒண்ணும் இல்லை."

டாக்டர் திரும்பினார். திரும்பியவரின் பார்வை வால்டெமாரின் கையில் நின்றது. வால்டெமார் தம் தொப்பியை இரு கைகளாலும் மார்போடு பிடித்திருந்தார். தொப்பி நடுங்கிக்கொண்டிருந்தது.

"கையை நீட்டுங்க."

"குளிரு, டாக்டர்."

"இங்க ஹீட்டர் போட்டிருக்கு. நீட்டுங்க."

விரல்களின்மேல் தாளை வைத்தார். இரண்டாண்டுகளுக்கு முன் இர்மாவின் விரல்களில் நான் கண்ட அதே படபடப்பு. நாடியைப் பிடித்தார். இடைவாரைத் தளர்த்தச் சொல்லி, அதில் புதிதாகப் போட்ட துளைகளைப் பார்த்தார். 

"இந்த நோய் ஒட்டாது" என்றார் கடைசியில். "ஒரே கட்டில்ல படுத்தாலும் ஒட்டாது. உங்க ரெண்டு பேருக்கும் ரத்த உறவும் இல்லை. அப்ப ரெண்டு பேர் வயித்துக்குள்ளயும் ஒரே பொருள் போயிருக்கு. அது என்ன?"

"சுல்மா" என்றார் இர்மா உடனே. "நான் போறதை நிறுத்தினதும் அண்ணனுக்குக் கொடுக்க ஆரம்பிச்சுட்டா."

"என் தங்கச்சி எனக்கு வெந்நீர்கூடக் கொடுக்கிறதில்லை" என்றார் வால்டெமார். "உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு என்னோடயும் பேசுறதை விட்டுட்டா."

"பொதுவா என்ன சாப்பிடுறீங்க?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லை" என்றார் இர்மா. "இவருக்குப் பூசணி. எனக்கு என்னோடது. தண்ணியும் உப்பும்தான் பொது. இவருக்கு உப்பும் கிடையாது."

டாக்டர் வால்டெமாரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வால்டெமார் மனைவியின் கழுத்தைப் பார்த்தார். மறுநாள் கத்தி படவேண்டிய இடத்தை அறுவை மருத்துவர் நீல மையால் கோடிட்டு வைத்திருந்தார்.  ஏதோ தெரிந்தும் வால்டெமார் அப்படியே பேசாமல் வீடு திரும்பிவிடுவார் என்றே நான் பயந்தேன்.

"சோரிசோ" என்றார்.

"என்ன?"

"சோரிசோ, இர்மா. ஒரு வருஷமா தின்னுறேன். நீ வீட்டுல இல்லாத நேரமெல்லாம். இந்த வாரம் தினமும்."

இர்மா எழுந்து உட்கார்ந்தார். தலையணையை இழுத்து, தையலைத் தடவிப் பார்த்தார். சாவி அங்கேயே இருந்தது.

"எப்படி?"

"படம் எடுக்க உள்ள போனியே. எதிர்த்தாப்புல சாவி வெட்டுறவன் கடை இருந்துச்சு."

"கையைத் திறக்காதேன்னு சொன்னேன்."

"கடைக்குள்ள போயித்தான் திறந்தேன்."

"வயித்துவலி?"

"வலிச்சுது. பூசணி அதைவிட வலிச்சுது."

செவிலி ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை, கட்டிலின் விளிம்பில் அமர்ந்தார்.

"அந்தச் சோரிசோவுல என்னென்ன போடுறீங்க?"

"எல்லாரும் போடுறதுதான். ஆனா என் வீட்டுல ஒரு துணுக்கு வீணாகாது" என்றார் இர்மா. பேசப் பேச அவர் குரலில் பழைய மிடுக்கு திரும்பியது. "முன்னெல்லாம் அறுக்கிறவன் தொண்டைக்கறியைத் தூக்கிட்டுப் போயிடுவான். நான்தான் ரெண்டு வருஷம் முன்ன கண்டுபிடிச்சேன். நாய்க்குப் போகுதுன்னு கதை விட்டான். அதுங்களை நீங்க பாக்கணும் டாக்டர், எலும்பும் தோலும். ஒரு நிமிஷம் ஒரு இடத்துல நிக்காது. படுக்காது, நடுங்கும், நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கும். அதை வச்சுத்தான் நான்…"

அவர் நிறுத்திக்கொண்டார்.

 இர்மா தம் வலக்கையை மெல்ல உயர்த்தி, விரல்களை விரித்து, அவை நடுங்குவதைப் பார்த்தார்.

"மாட்டுக்கும் தைராய்டு இதே இடத்துலதான் இருக்கு" என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில், நீலக் கோட்டைச் சுட்டி. "மூச்சுக்குழலுக்கு ரெண்டு பக்கமும். அதுல இருக்கிற சத்தும் நம்மளோடதும் ஒண்ணுதான். வெந்தாலும் காஞ்சாலும் முழுசாப் போயிடாது. உங்க சுரப்பியில அழற்சியே இல்லை, தோன்யா இர்மா. எந்த ரகமும் இல்லை. வெளியிலிருந்து இவ்வளவு வந்துகிட்டே இருந்ததால அது வேலையில்லாம தூங்கிட்டிருந்துச்சு. அவ்வளவுதான்." எழுந்தார். "நாளைக்கு அறுவை கிடையாது. நீங்க பொய் சொல்லலை. வாசலுக்கு நான் வரணும். எப்போன்னு சொல்லுங்க."

"பாக்கலாம்" என்றார் இர்மா. பிறகு கணவரிடம் கையை நீட்டினார். "சாவி."

வால்டெமார் காலுறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்.

வீடு திரும்பிய அன்று மாலை ஐந்து மணிக்கு, அடைபட்டிருந்த சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு இர்மா சுல்மாவின் சமையலறைக்குள் போனார். சுல்மா அடுப்பின் முன் அமர்ந்திருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. தாம் ஒரு குடுவை குடித்தார். மீண்டும் நீர் ஊற்றினார். நீட்டினார். இர்மா வாங்கினார். குடுவை முகத்தருகே வந்தபோது அவர் மூக்கு பழக்கத்தில் விரிந்தது. அதை நான் கண்டேன். ஆனால் மூச்சை உள்ளே இழுக்காமல் குழலை வாயில் வைத்து, அடிவரை உறிஞ்சிக் குடித்தார்.

"கசக்குது" என்றார்.

"எப்பவும் கசக்கும், அண்ணி."

அடுத்த ஜூனில் தொண்டைக்கறியைச் சதுர்னினோவின் சாக்கில் இர்மாவே தம் கையால் போட்டார்.  நாய்களும் அதைத் தின்னக்கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்ததால், சதுர்னினோ அதை ஓடைக்கரையில் புதைத்தார். சில மாதங்களில் அந்த மூன்று நாய்களும் கொழுத்து, வெயிலில் நீட்டிப்படுத்து உறங்கின. அவற்றைக் கடந்து செல்லும்போதெல்லாம் இர்மா சாலையின் மறுபுறம் போய்விடுவார்.

டாக்டரின் பாக்கி மட்டும் நின்றது. அன்று மருந்தகக் கூடத்தில் இருந்த பத்துப் பேரும் அதை மறக்கவில்லை. ஒரு கோப்பைச் சர்க்கரையை விடாதவர் இதை எப்படி விடுகிறார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. நான் ஒருநாள் கேட்டேன்.

"அவர் என் வாசல்ல தொப்பியைக் கழட்டினா, டீச்சர், அப்புறம் நான் சதுர்னினோ வாசலுக்குப் போகணும்" என்றார். 

இர்மா இன்னும் பதினோரு குளிர்காலம் வாழ்ந்தார். கழுத்தில் தழும்பின்றி, சாவியோடு. மாதந்தோறும் அந்த வியாழக்கிழமையில் டாக்டரின் கார் எங்கள் தெருவைக் கடக்கும்போது, எங்கள் வாசலுக்கு நேராக வேகம் குறையும். ஓட்டுபவரின் கை தொப்பிக்குப் போகும். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று இர்மா அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"இந்த ஆளு ஏன் இங்க வந்து மெதுவா ஓட்டுறாரு?" என்பார் என்னிடம், ஒன்றும் தெரியாதவர்போல். பிறகு திரையை இழுத்து மூடுவார்.